இடது பக்கம் மட்டும் குறைவு

கடந்த வருடம் நவம்பர் மாதம், புத்தூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். ஆகவே முதலில் வரிசை.

1. ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நான்கு மணி. மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. பக்கத்து வளவுப் பனையிலிருந்து ஒரு காவோலை கழன்று வீதியால் போகும் மின்வயரில் விழுந்தது.

2. வோல்டேஜ் எகிறி, வீட்டிலிருந்த மின்குமிழ்கள் எல்லாம் கண் கூசுமளவுக்கு எரிந்தன. மின்விசிறி இரைந்துகொண்டு சுழன்றது.

3. அப்பா முன்னறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ வயர் தளர்ந்திருக்கிறதென்று இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அதற்குள்ளிருந்து சீனவெடி போல் ஒரு சத்தம்.

4. நான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தினேன்.

5. மறுநாள் வீதி வயர் சரிசெய்யப்பட்டது. எங்கள் சேதம்: இரண்டு மின்குமிழ்கள், ஒரு போன் சார்ஜர், அம்ப்ளிபயரின் பியூஸ், இடது ஸ்பீக்கரின் ட்வீற்றர். (ஸ்பீக்கர் பெட்டிக்குள் மேலே இருக்கும் சின்ன வட்டம்தான் ட்வீற்றர். உயர்ந்த ஒலிகள் அதிலிருந்துதான் வரும்.)

6. பியூஸை அன்றே மாற்றினேன். ட்வீற்றரை வியாழக்கிழமை மாற்றினேன்.

7. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒழுங்காக வேலை செய்தன.

8. அப்பா கேட்டுப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் இன்னும் குறைவாத்தான் இருக்குது, பிள்ளை" என்றார்.

ஏழாவது வரைக்கும் எனக்கு எல்லாம் விளங்கியது. எட்டாவதை விளங்கிக்கொள்ள இன்னும் ஆறு நாட்கள் எடுத்தன.

நான் வீடுகளுக்குச் சோலர் பொருத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப வேலை செய்கிறேன். மின்னல் பாய்ச்சலை நிலத்துக்குத் திருப்பிவிடும் கருவி ஒன்று, வோல்டேஜ் அளவுக்கு மிஞ்சினால் உடனே துண்டித்துவிடும் கருவி ஒன்று. இரண்டையும் எத்தனையோ வீடுகளில் என் கையாலேயே பூட்டியிருக்கிறேன். "மழைக் காலம் வர முதல் பூட்டிப் போடுங்கோ" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். எங்கள் வீட்டு மெயின் போர்ட்டில் அவை இரண்டும் இல்லை. அடுத்த லீவில், அடுத்த லீவில் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தேன். அந்த வெட்கத்தில், இந்தப் பிழையை நானே கண்டுபிடித்து நானே திருத்த வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

அவசரமும் இருந்தது. அப்பா எங்கள் மெதடிஸ்த ஆலயத்தின் பாடகர் குழுவை நடத்துகிறவர். கிறிஸ்மஸுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு சின்னக் கருவியில் பதிவு செய்துகொண்டு வருவார். வீட்டில் அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் முன்னால் நடுவே கதிரையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்தக் குரல் அமுங்குகிறது, யார் அரைச் சுரம் இறங்குகிறார் என்று அப்படித்தான் பிடிப்பார்.

அப்பாவின் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிணற்று மோட்டரின் சத்தத்தைக் குசினியில் இருந்து கேட்டே "பெயரிங் தேஞ்சு போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். என் மல்ரிமீற்றரைக்கூட நான் இரண்டு முறை சரிபார்ப்பேன், அப்பாவின் காதைச் சரிபார்த்ததே இல்லை.

ட்வீற்றர் வாங்கச் சுன்னாகத்துக்குப் போயிருந்தேன். ரேடியோ திருத்தும் கடைக்காரர் நான் கொண்டுபோன ட்வீற்றரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உதை ஆர் கழட்டினது?"

"நான்தான்."

"அதுதானே பாத்தன். ஸ்குறூ ஒண்டும் துலையேல்லை, பெட்டியிலை ஒரு கீறலும் இல்லை. ஆம்பிளையள் ஒருத்தரும் கை வைக்கேல்லை எண்டு விளங்குது."

மீற்றரை வைத்துக் காட்டினார். உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருந்தது. அதே இனத்தில் பழையது ஒன்று எடுத்துத் தந்தார். "சாமான் நல்லது. ஆனா சோடி இல்லை, அதைச் சொல்லிப்போட்டன்" என்றார்.

அப்பா இடது பக்கம் குறைவு என்றதும், நான் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான். சோடி இல்லாத ட்வீற்றர். எனக்குக் கேட்ட அளவில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் என் காதும் அப்பாவின் காதும் ஒன்றா? கொப்பியை எடுத்துத் திகதி போட்டு எழுதினேன்: "வியாழன். இடது குறைவு. ட்வீற்றர் பொருத்தமின்மை?"

எங்கள் தொழிலில் குறை தேடுவதற்கு ஒரு எளிய வழி உண்டு. இடம் மாற்றிப் பார்ப்பது. இடது பெட்டியை வலப்பக்கமும் வலது பெட்டியை இடப்பக்கமும் வை. குறை பெட்டியோடு கூடப் போனால் பெட்டியில் பிழை. குறை இருந்த இடத்திலேயே நின்றால் பெட்டியில் பிழை இல்லை, அதற்கு முந்திய பொருளில் தேடு.

வெள்ளிக்கிழமை பெட்டிகளை மாற்றினேன். அப்பா கேட்டார். "இடது பக்கம்தான்."

அப்படியானால் ட்வீற்றர் இல்லை. அம்ப்ளிபயரின் பின்னால் இருந்த வயர்களை மாற்றினேன். "இப்பவும் இடது."

அப்படியானால் அம்ப்ளிபயரும் இல்லை. பாட்டு வரும் கருவியின் வயர்களை மாற்றினேன். "அதே மாதிரித்தான் பிள்ளை."

பெட்டிகளையும் வயர்களையும் பழையபடி வைத்துவிட்டு மீற்றரை எடுத்தேன். இரண்டு பெட்டிகளும் ஒரே அளவு காட்டின. அம்ப்ளிபயரிலிருந்து வெளியே வரும் வோல்டேஜும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கொப்பியில் நான்கு வரிகள், நான்கிலும் "சரி". கீழே ஐந்தாவது வரி: "இடது குறைவு". சரி, சரி, சரி, சரி, பிழை. இப்படி ஒரு பக்கத்தை நான் என் கொப்பியில் முன்பு எழுதியதில்லை.

சனிக்கிழமை அறையைச் சந்தேகப்பட்டேன். இடப்பக்கம் திரைச்சீலை போட்ட யன்னல், வலப்பக்கம் மர அலுமாரி. சீலை ஒலியை விழுங்கும், மரம் திருப்பி அனுப்பும். அலுமாரியை இழுத்து இடப்பக்கம் கொண்டுபோனேன். அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார்.

"உவளுக்கு விசர் பிடிச்சிட்டுது. இனி நான் சீலை எடுக்க ஸ்பீக்கரைத் தாண்டிக் குதிக்கிறதே?"

அலுமாரி போனபிறகும் இடது பக்கம் குறைவு.

அன்றுதான் அப்பா இன்னொன்றும் சொன்னார். "அதோடை இடது பக்கம் ஊ எண்டு ஒரு சத்தமும் கேக்குது. பாட்டு நிண்டால்தான் வடிவா விளங்குது."

எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. ஊ என்ற இரைச்சல் என்றால் நிலக்கம்பியில் குறை. வீட்டு மின்சாரம் நிலத்தோடு ஒழுங்காகத் தொடர்பு கொள்ளாவிட்டால் ஸ்பீக்கர்கள் இரையும். காவோலை விழுந்தபோது அதுவும் கெட்டிருக்கலாம். நான் வெளியே போய் நிலக்கம்பியின் இணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்கி, இறுக்கினேன். மழை ஈரம் போதாதென்று இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றினேன். திரும்பி வந்து கேட்டேன்.

"இப்ப எப்பிடி அப்பா?"

"இருக்குது."

பிளக்கையே கழற்றினேன். அம்ப்ளிபயரின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

"இப்ப?"

அப்பா தலையைச் சரித்து யோசித்தார். "இப்பவும் கொஞ்சம் இருக்குது."

"அது உள்ளுக்கை மிஞ்சியிருக்கிற கரண்ட், அப்பா. கபாசிற்றர் காலியாக நேரமெடுக்கும்."

நான் சொன்ன இந்த விளக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. கபாசிற்றர் சில விநாடிகள் வைத்திருக்கும். இரவுச் சாப்பாட்டு நேரமும் அப்பாவுக்கு அந்த ஊ கேட்டதே, அதுவரைக்குமா வைத்திருக்கும்? படித்தவள் என்பதால் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. படிக்காதவள் என்றால், கரண்டே இல்லாத பெட்டி எப்படிச் சத்தம் போடும் என்று அப்போதே கேட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, பாடகர் குழுவில் அல்ரோ பாடும் அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்தார். அல்ரோ என்பது பெண்களில் தாழ்ந்த குரல்.

"பிள்ளை, உங்கடை அப்பாவுக்கு என்ன நடந்தது? நேற்று நாங்கள் அஞ்சு பேர் தொண்டை கிழியப் பாடுறம். மனுசன் 'அல்ரோ எங்கை, அல்ரோ எங்கை' எண்டு கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறார். முன்னுக்கு நிக்கிற நாங்கள் என்ன, ஆவியளே?"

நான் சிரித்துவிட்டேன். "வீட்டிலையும் உதுதான் அன்ரி. ஸ்பீக்கரிலையும் இடது பக்கம் கேக்கேல்லையாம்."

என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனேன். எங்கள் ஆலயத்தில் பயிற்சிக்கு ஸ்பீக்கர் இல்லை, அம்ப்ளிபயர் இல்லை, ஒரு வயர்கூட இல்லை. அல்ரோ நிற்பது அப்பாவின் இடது கைப் பக்கம். இவ்வளவும் எனக்குத் தெரிந்த விடயங்கள். ஆனால் ஒன்று வீட்டில் இருந்தது, மற்றது ஆலயத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேலை முடிந்து வந்து அம்ப்ளிபயரைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு சோல்டர் பொட்டையும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எனக்குக் குழப்பம் கூடக் கூட, அப்பா கதைப்பது குறைந்தது.

புதன்கிழமை பின்னேரம் அவர் சொன்னார்: "விடு பிள்ளை. இந்த முறை கரோலை வேறை ஆரும் நடத்தட்டும். எனக்கு ஒண்டும் பிடிபடுதில்லை. ஆர் பாடுகினம், ஆர் பாடேல்லை எண்டே தெரியேல்லை."

அந்த நேரம் எனக்குக் கோபம் வந்தது அம்ப்ளிபயர் மேல்தான். "நாளைக்கே கொழும்புக்கு அனுப்புறன் அப்பா. ரெண்டு கிழமையிலை திரும்பி வந்திடும்" என்றேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, இடம் மாறிக் கிடந்த அலுமாரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெட்டியை மாத்தினாய், வயரை மாத்தினாய், என்ரை அலுமாரியையும் மாத்தினாய். மாத்தாமல் மிஞ்சினது உந்த மனுசன் ஒண்டுதான். அவரையும் ஒருக்கால் மாத்திப் பாரன்."

"உதை நீர் முப்பது வருசம் பிந்திச் சொல்லுறீர்" என்றார் அப்பா.

மூன்று பேரும் சிரித்தோம். ஒரு கிழமைக்குப் பிறகு அந்த அறையில் வந்த முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே நான் அப்பாவைக் கொஞ்சம் எழும்பச் சொல்லி, கதிரையைப் பிடித்து முழுவதும் திருப்பினேன். இப்போது அவருக்கு முன்னால் வாசல், முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள். அம்மாவைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன். பாட்டைப் போட்டேன்.

அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது.

"இப்ப மற்றது குறைவு" என்றார்.

"எது அப்பா? கையாலை காட்டுங்கோ."

இடது கையைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு நீட்டினார். அவர் காட்டியது வலது ஸ்பீக்கரை. வெடிக்காத, கழற்றாத, முதல் நாளிலிருந்து எந்தக் குறையும் இல்லாத ஸ்பீக்கர். திரும்பி இருந்தபடியால் அது இப்போது அவருடைய இடது பக்கம் இருந்தது.

நான் பாட்டை நிறுத்தினேன். அவருக்குப் பின்னால் போய் நின்று, கண்ணை மூடச் சொன்னேன். வலது காதருகில் என் இரண்டு விரல்களை மெதுவாக உரசினேன். "ஓம், கேக்குது" என்று தலையாட்டினார். இடது காதருகில் உரசினேன். அவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தார். இன்னும் பலமாக உரசினேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

"செய்யன் பிள்ளை" என்றார்.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டார். வேறு நாளென்றால் அதற்கு அப்பா பாய்ந்திருப்பார்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வெடித்த அன்றிரவே காதுக்குள் தண்ணீர் நிற்பதுபோல் அடைத்திருக்கிறது. மழையில் நனைந்ததென்று நினைத்தாராம். போனை எப்போதும் வலது காதில் வைப்பவர் என்பதால் போனில் வித்தியாசம் தெரியவில்லையாம். "பெட்டி உடைஞ்சதாலை பெட்டியிலைதான் குறை எண்டு நானும் நினைச்சன். நீயும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிழை கண்டுபிடிச்சாய்தானே" என்றார். குற்றம் சொல்லிச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலை காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறையில் இருத்தி, காதில் கருவியை மாட்டிப் பரிசோதித்தார்கள். தாளில் வலது காதின் கோடு மேலே நேராகப் போனது. இடது காதின் கோடு தாழவே தொடங்கி, பாதி வழியில் இன்னும் கீழே விழுந்தது. அந்த வரைபை வாசிக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. பழுதான ட்வீற்றரை அளந்தாலும் கோடு அப்படித்தான் விழும்.

"எப்ப தொடங்கினது?" என்று வைத்தியர் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். செவ்வாய், பின்னேரம் நான்கு மணி, இடது பக்கம் வெடிச்சத்தம். வியாழன், இடது குறைவு. வெள்ளி, இடது குறைவு. சனி, இடது குறைவு, இரைச்சல், பிளக் கழற்றிய பிறகும் இரைச்சல். வைத்தியர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனார். அவர் என்னைக் கடுமையாகப் பார்க்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"இவ்வளவு வடிவா எழுதி வைச்சிருக்கிறியள். பிறகேன் இவ்வளவு நாள் பிந்தி வந்தனீங்கள்?"

நான் முதல் பக்கத்தின் தலைப்பைக் காட்டினேன். "ஸ்பீக்கர்" என்று எழுதியிருந்தது.

அந்த வெடிச்சத்தத்தால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். அதே நாட்களில் தற்செயலாக வந்த வைரஸ் காய்ச்சல் மாதிரி ஏதாவதாகவும் இருக்கலாம், பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை என்றார். இப்படித் திடீரென்று காது கேட்பது குறைந்தால் முதல் நாட்களிலேயே வர வேண்டும் என்றும் சொன்னார். முதல் நாளே வந்திருந்தால் முழுதும் திரும்பியிருக்குமா என்று கேட்டேன். "வந்திருந்தா நல்லது. முழுக்கத் திரும்பியிருக்கும் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றார். எது என்னுடைய பிழை, எவ்வளவு என்னுடைய பிழை என்று கணக்கிட எனக்கு ஒரு இலக்கம் வேண்டியிருந்தது. அவர் தரவில்லை. அவரிடமும் இருக்கவில்லை.

குளிசைகளை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தோம். நான் ஏதோ கேட்டேன், அப்பா பதில் சொல்லவில்லை. அவருடைய இடது பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன் என்பது பத்து அடி போனபிறகுதான் உறைத்தது. சுற்றிப் போய் வலது பக்கம் வந்தேன்.

"அப்பா, என்ன யோசிக்கிறியள்?"

"அல்ரோக்காரரிட்டை மன்னிப்புக் கேக்க வேணும். பாவங்கள், நல்லாத்தான் பாடியிருக்குதுகள்" என்றார்.

கேட்டார். அடுத்த பயிற்சியில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த அன்ரி அழுதுவிட்டு, "அப்ப நாங்கள் இனி மற்றப் பக்கம் நிக்கிறம்" என்று ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு அப்பாவின் வலது கைப் பக்கம் போய் நின்றார். கரோல் ஆராதனையை அப்பாவே நடத்தினார்.

இப்போது எங்கள் மெயின் போர்ட்டில் இரண்டு பாதுகாப்புக் கருவிகளும் இருக்கின்றன. இடி முழங்கத் தொடங்கினால் அம்ப்ளிபயரின் பிளக்கை அம்மாவே போய்க் கழற்றுகிறார். வேலைக்குப் போகும் வீடுகளில் பெட்டியைத் திறக்க முதல், குறை சொல்லும் ஆளை இன்னொரு இடத்தில் நின்று பார்க்கச் சொல்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பரவாயில்லை.

குளிசைகளுக்குப் பிறகு அப்பாவின் இடது காதில் தாழ்ந்த ஒலிகள் திரும்பி வந்தன. உயர்ந்தவை வரவில்லை. இரைச்சல் சில நாட்களில் இருக்கிறது, சில நாட்களில் இல்லை. அம்ப்ளிபயரில் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் குமிழை அவர் இடது பக்கம் நன்றாகத் திருப்பி வைத்திருக்கிறார். அந்த அறையில் வேறு யார் இருந்து கேட்டாலும் பாட்டு ஒரு பக்கம் சரிந்துதான் கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. தூசி துடைக்கும்போதுகூட நான் அந்தக் குமிழைத் தொடுவதில்லை.

கொப்பியின் அந்தப் பக்கத்தை இன்னும் மூடவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களும் சரி, வயர்கள் சரி, அம்ப்ளிபயர் சரி, இடது குறைவு, காரணம் தெரியாது.